வயிற்றில் கருவி வைத்தால் வாந்தி நிற்குமா?

கேள்வி: டாக்டர், எனக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய். நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது. சில நாள் காலையில் சாப்பிட்டது மாலையில் அப்படியே வாந்தியாக வருகிறது. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைப்பதுபோல வயிற்றிலும் ஒரு கருவி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் உறவினர். வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அப்படி ஒரு கருவி இருப்பது உண்மைதான், ஆனால் அது கடைசியாக யோசிக்க வேண்டியது.

நீங்கள் சொல்வது 'காஸ்ட்ரோபரேசிஸ்' போலத் தெரிகிறது. சர்க்கரை நெடுநாள் கட்டுக்கடங்காமல் இருந்தால் மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பு கெட்டுப்போகிறது, இரைப்பைச் சுவரில் நிமிடத்துக்கு 3 அலைகளை எழுப்பிக்கொண்டிருக்கும் கஹால் செல்களும் குறைந்துபோகின்றன, இரைப்பை உணவைக் குடலுக்குத் தள்ளாமல் தேக்கிக்கொள்கிறது. ஆனால் புண்ணோ அடைப்போ இருந்தாலும் இதே தொல்லைதான் வரும், அதனால் முதலில் எண்டோஸ்கோப்பி. அதில் ஒன்றுமில்லை என்றால் கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து 4 மணி நேரம் ஸ்கேன் எடுப்பார்கள். அதற்குப் பிறகும் அந்த உணவில் 10 சதவீதத்துக்கு மேல் இரைப்பையில் தங்கியிருந்தால் நோய் உறுதி. சோதனை நாளில் சர்க்கரை எகிறியிருக்கக் கூடாது, ஏனென்றால் அதுவே இரைப்பையை மந்தமாக்கும்.

அப்புறம் உங்கள் மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சர்க்கரைக்கும் எடை குறைப்புக்கும் போடும் செமாக்ளுடைட், லிராக்ளுடைட் போன்ற ஊசிகளும், ஓபியாய்ட் வகை வலிமருந்துகளும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பாதிப் பேரிடம் இதை யாரும் கேட்பதே இல்லை என்பது என் வருத்தம். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

கருவிக்கு வருவோம். இரைப்பைத் தசையில் இரண்டு மின்முனைகள், வயிற்றுத் தோலுக்கடியில் பேட்டரி. அமெரிக்காவில் 2000-இல் இதற்கு அனுமதி கிடைத்தது, அதுவும் மருந்துக்கு அடங்காத நாள்பட்ட வாந்தி, குமட்டலுக்கு மட்டும். இதயப் பேஸ்மேக்கரோடு ஒப்பிடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம், ஏனென்றால் இந்தக் கருவி இரைப்பையின் துடிப்பை நடத்துவதில்லை. பிரான்சில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், கருவியை நிறுத்திவைத்த மாதங்களைவிட ஓடவிட்ட மாதங்களில் வாந்தி குறைந்தது, ஆனால் இரைப்பை வேகமாகக் காலியாகவில்லை. மூளைக்குப் போகும் நரம்புச் செய்தியை அது மாற்றுவதால் குமட்டல் தணிகிறது என்று கருதுகிறார்கள். ஆக, வாந்தியால் எடை குறைந்து, நீர்ச்சத்து வற்றி அடிக்கடி மருத்துவமனையில் சேருபவருக்கு இது பெரிய உதவி. வயிறு நிறைந்த உணர்வு மட்டுமே தொல்லை என்றால் ஏமாற்றம்தான். அறுவை சிகிச்சை, கிருமித்தொற்று, பேட்டரி மாற்றம், எம்ஆர்ஐ எடுப்பதில் கட்டுப்பாடு எல்லாம் கூடவே வரும்.

இப்போதைக்குக் கொழுப்பும் நாரும் குறைத்து, நன்றாக மசித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளையாகச் சாப்பிடுங்கள். இரைப்பையை வேகப்படுத்தி வாந்தியை அடக்கும் மெட்டோக்ளோபிரமைடு மருந்தைக் கொடுத்தால் 12 வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது, முகமும் நாக்கும் தானாக அசையத் தொடங்கும் ஆபத்து உண்டு. இன்சுலின் போடுபவராக இருந்தால் அதன் நேரத்தைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள்: உணவு தாமதமாகச் சேரும், ஊசி முன்னாலேயே வேலை செய்யும், சாப்பிட்ட கையோடு சர்க்கரை தாழ்ந்துவிடும்.

கேள்வி: கழுத்தில் வைத்தால் போதும், ஆபரேஷன் வேண்டாம் என்று ஒரு கருவி விற்கிறார்களே?

பதில்: வேகஸ் நரம்பைத் தோல் வழியாகத் தூண்டுவது அது. யோசனை நல்லதுதான், ஆனால் டென்மார்க்கில் சர்க்கரை நோயாளிகளிடம் நிஜக் கருவியையும் போலிக் கருவியையும் கொடுத்துப் பார்த்தபோது வயிற்றுத் தொல்லையில் வித்தியாசம் இல்லை. உங்கள் காசு, ஆனால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். இதயப் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் கிட்டேயே போக வேண்டாம்.