திருத்தொண்டர் ஆக மனைவியின் கையெழுத்தும் வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 41. கத்தோலிக்கன், பள்ளி ஆசிரியர். மனைவி, இரண்டு பிள்ளைகள். பத்து வருடமாக அன்பியப் (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேரும் சிறு குழு) பொறுப்பில் இருக்கிறேன். திருத்தொண்டர் (டீக்கன்) ஆக ஆசை. ஆறு மாத அஞ்சல்வழிப் பயிற்சி முடித்து 40,000 ரூபாய் கட்டினால் பட்டம் கிடைக்கும் என்கிறார் ஒருவர். மனைவி தயங்குகிறார். வேலையை விட வேண்டியிருக்குமா?

பதில்: முதலில் அந்த 40,000 ரூபாயைக் கட்டாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள். திருநிலைப்பாடு, அதாவது ஆயர் தலையில் கை வைத்துத் திருப்பணிக்கு ஏற்படுத்துவது, விலைக்கு வராது. காசு கொடுத்து தூய ஆவியின் வரத்தை வாங்கப் பார்த்த மாயவித்தைக்காரன் சீமோனைப் பேதுரு கடிந்துகொண்டது திருத்தூதர் பணிகள் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. என்னிடம் ஒருவர் லேமினேட் செய்த சான்றிதழோடு வந்தார். தங்க நிற முத்திரை, 'பேராயர்' கையெழுத்து எல்லாம் இருந்தன. அதில் அச்சிட்டிருந்த மறைமாவட்டம் (ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) மட்டும் உலகத்திலேயே கிடையாது. அதற்காக வீட்டு நகையை அடகு வைத்திருந்தார். அவருக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

முறையான வழியில் தயாரிப்புக்கே குறைந்தது மூன்று ஆண்டு ஆகும். மணமானவருக்கு 35 வயது நிறைந்திருக்க வேண்டும்; உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. வேலையையும் விட வேண்டாம். வேலை பார்க்கும் திருத்தொண்டர் தன் சம்பளத்தில்தான் குடும்பம் நடத்த வேண்டும், ஆகவே திருச்சபையிடம் சம்பளம் எதிர்பார்க்காதீர்கள்.

மனைவியின் தயக்கத்துக்கு வருவோம். அவர் சம்மதம் இல்லாமல் ஆயர் உங்கள் தலையில் கை வைக்க முடியாது. வாய்ச்சொல் போதாது, சான்று வேண்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பு? திருநிலை பெற்ற பிறகு மனைவி இறந்துபோனால் நீங்கள் மறுமணம் செய்ய முடியாது. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் எண் 1087 அதைத் தடுக்கிறது. "விதிவிலக்கு வாங்கிவிடலாம் சாமி" என்று சிலர் சுலபமாகச் சொல்கிறார்கள். உரோமை விதிவிலக்கு தருவது உண்டுதான். ஆனால் அதை ஆயர் தர முடியாது, பங்குத்தந்தையும் தர முடியாது. மனு உரோமைக்குப் போக வேண்டும். தாயில்லாத சிறு பிள்ளைகள், பார்த்துக்கொள்ள ஆளில்லாத வயதான பெற்றோர் போன்ற காரணங்களை எடைபோட்டு, அரிதாகத்தான் கொடுப்பார்கள். அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். இன்று இரவே இதை மனைவியிடம் விளக்குங்கள். மறைத்துச் சம்மதம் வாங்கினால் அது சம்மதமே அல்ல.

இன்னொன்று, திருத்தொண்டர் 'பாதிச் சாமியார்' கிடையாது. ஞானஸ்நானம் கொடுப்பார், திருமணம் நடத்தி வைப்பார், அடக்கச் சடங்கு செய்வார், மறையுரை ஆற்றுவார். திருப்பலி, பாவசங்கீர்த்தனம், நோயில்பூசுதல் அவருக்கு இல்லை. குருப்பட்டத்தில் ஆயரோடு குருக்களும் கை வைப்பார்கள்; திருத்தொண்டருக்கு ஆயர் மட்டுமே. இவர் பணிவிடைக்கு என்றே நியமிக்கப்படுகிறவர். தோள்துகிலும் இடது தோளிலிருந்து குறுக்கே வலப்பக்க இடுப்புக்கு இறங்கும். எருசலேமில் கைம்பெண்களுக்கு அன்றாடப் பந்தியில் குறை வந்தபோது ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்களே, அங்கிருந்துதான் இந்த அழைத்தலைத் திருச்சபை பார்க்கிறது. உங்கள் அன்பியத்தில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று உங்களுக்குத் தெரியுமானால், இந்த அழைத்தல் உங்களுக்கு இருக்கலாம்.

1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மணமானவர்களுக்கும் இந்தக் கதவைத் திறந்தது. 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் விதிமுறை வகுத்தார். மும்பை உயர்மறைமாவட்டத்தில் மணமான திருத்தொண்டர்கள் பணி செய்கிறார்கள். நம் ஊர்ப் பங்குகளிலோ, திருத்தொண்டர் நிலை என்றால் குருமாணவர் குருவாகுமுன் ஏறும் படி என்றுதான் இன்றும் பலருக்குத் தெரியும். அறுபது ஆண்டாக இதை எடுத்துச் சொல்ல நமக்கு நேரமில்லையா? நாம் சொல்லாததைத்தான் அந்தத் தரகர்கள் விற்கிறார்கள்.

எல்லா மறைமாவட்டத்திலும் இந்தப் பணி நடைமுறையில் இல்லை. அது ஆயரின் முடிவு. ஆகவே பங்குத்தந்தையிடம் பேசிவிட்டு ஆயர் இல்லத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் பதில் வராது. அதற்குள் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணச் சான்றுகளை எடுத்து வையுங்கள். ஒன்றில் அந்தோணி, இன்னொன்றில் ஆண்டனி என்று இருந்தால், அதை இப்போதே பங்கு அலுவலகத்தில் சரிசெய்யச் சொல்லுங்கள்.