வாசகர் கேள்வி – பதில்: நிலம் எங்களுடையது, மானியம் அவருக்கா?

கேள்வி: அமெரிக்காவில், இல்லினாய் மாநிலக் கிராமப்புறக் கவுன்டி ஒன்றில் 80 ஏக்கர் வாங்கி உள்ளூர் விவசாயிக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். மானியம் பெற்றவர்கள் பட்டியலில் அவர் பெயர்தான் இருக்கிறது. எங்களுக்குப் பங்கு கிடையாதா?

பதில்: ரொக்கக் குத்தகை (விளைச்சல் எப்படியிருந்தாலும் மாறாத வாடகை) என்றால் கிடையாது. மக்காச்சோளம், சோயாவுக்கான ஏ.ஆர்.சி. (வருவாய் குறைந்தால் ஈடு தருவது), பி.எல்.சி. (விலை குறைந்தால் ஈடு தருவது) என்ற அரசு மானியத் திட்டங்கள் சாகுபடியின் லாப நட்டத்தைச் சுமப்பவருக்கே பணம் தருகின்றன. ஏக்கருக்கு இத்தனை டாலர் என்றில்லாமல் இத்தனை புஷல் (தானிய அளவு) என்று பேசியிருந்தாலும், அளவு நிலையானதாக இருந்தால் அதுவும் ரொக்கக் குத்தகைதான். வாரத்துக்கு (விளைச்சலில் பங்கு என்ற முறையில்) விட்டிருந்தால் உங்கள் பங்கின் அளவுக்கு மானியமும் வரும். ஆனால் விளைச்சல் பொய்த்தால் வாடகையும் பொய்க்கும். மானியத்துக்காக மட்டும் வாரத்துக்கு மாறுவது புத்திசாலித்தனம் அல்ல.

வாரத்துக்கு மாறினாலும் 80 ஏக்கருக்கும் வராது. கவுன்டி எஃப்.எஸ்.ஏ. (வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமை) அலுவலகப் பதிவில் உள்ள 'பேஸ் ஏக்கர்' (முந்தைய சாகுபடியை வைத்து மானியத்துக்காகப் பதிவான பரப்பு) எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். அதில் 85 சதவீதத்துக்குத்தான் கணக்கு. உதாரணமாக பேஸ் 60 ஏக்கர், பதிவு விளைச்சல் ஏக்கருக்கு 150 புஷல், சந்தை விலை ஆதார விலையைவிட புஷலுக்கு 30 சென்ட் குறைவு என்றால், பி.எல்.சி.யில் 51 × 150 × 0.30 = 2,295 டாலர். அதுவும் உடனே வராது. 2025 பயிருக்கான தொகை 2026 அக்டோபருக்குப் பிறகே.

பணம் தடைபட்டு நிற்பது பெரும்பாலும் படிவங்களில்தான். ஏ.டி.-1026 (மண்ணரிப்பு, சதுப்பு நில உறுதிமொழி), சி.சி.சி.-902 (சாகுபடித் திட்டம்), சி.சி.சி.-941 (வருமானச் சான்று) மூன்றும் வேண்டும். மூன்றாண்டுச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலருக்கு மேல் போனால் பொதுவாகத் தகுதியில்லை. நிலம் எல்.எல்.சி. (சிறு நிறுவனம்) பெயரில் இருந்து, கணவன், மனைவி இருவரும் அதில் பங்குதாரர்கள் என்றால், இருவருமே 941-ல் கையெழுத்திட வேண்டும். ஒருவர் விட்டால் அவர் பங்கு கழிந்துவிடும். நடவு ஏக்கர் அறிக்கையை (578) வசந்தகாலப் பயிர்களுக்கு ஜூலை 15-க்குள் கொடுக்க வேண்டும். வழக்கமாகக் குத்தகைதாரர் கொடுப்பார், நகல் வாங்கி வையுங்கள்.

கேள்வி: எங்கள் வயலில் மக்காச்சோளம் பாதிதான் விளைந்தது. ஏ.ஆர்.சி.யில் ஒரு டாலர்கூட வரவில்லை. ஏன்?

பதில்: கவுன்டி அளவிலான ஏ.ஆர்.சி. உங்கள் வயலைப் பார்ப்பதில்லை. கவுன்டியின் சராசரி விளைச்சலையும் தேசிய விலையையும் பெருக்கி வரும் வருவாய் உத்தரவாத அளவுக்குக் கீழே போனால்தான் பணம். உங்கள் வயலில் மட்டும் ஆலங்கட்டி மழை பெய்தால் அதற்குப் பயிர்க் காப்பீடுதான் வழி. அது தனிப் பாலிசி, தனி முகவர்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறோம். நிலம் வாங்கியதை யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

பதில்: கட்டாயம். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் எஃப்.எஸ்.ஏ.-153 படிவம் கொடுக்க வேண்டும். மானியம் வாங்காவிட்டாலும் இது பொருந்தும். தவறினால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். கெடு தாண்டியிருந்தால் எஃப்.எஸ்.ஏ. அலுவலகம் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே போய்க் கொடுத்துவிடுங்கள்.