மூன்று டிஸ்கும் சேர்ந்து ஓட வேண்டுமா? எல்விஎம் ஸ்ட்ரைப்பிங் கேள்வி-பதில்

எங்கள் கணக்காய்வு அலுவலக சேர்வரில் மூன்று ஹார்ட் டிஸ்கையும் ஒரே வால்யூம் குரூப்பில் சேர்த்துவிட்டேன். வேகம் கூடவே இல்லையே? (வெள்ளவத்தை)

வால்யூம் குரூப் என்பது பல டிஸ்க்குகளின் இடத்தை ஒன்றாகச் சேர்த்த தொகுப்பு. அதில் சேர்ப்பதால் இடம் கூடும், வேகம் கூடாது. நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் எல்விஎம் (லினக்ஸில் டிஸ்க் இடத்தைச் சேர்த்துப் பங்கிட்டுத் தரும் வசதி) லீனியர் முறையில்தான் லாஜிக்கல் வால்யூமை, அதாவது குரூப்பிலிருந்து பைல்களுக்காக ஒதுக்கும் பகுதியை, உருவாக்கும். முதல் டிஸ்கின் இடம் எங்கே முடிகிறதோ அங்கேதான் இரண்டாவது தொடங்கும். பெரிய பைல் ஒன்றைப் படிக்கும்போது பெரும்பாலும் ஒரு டிஸ்க் மட்டும் உழைக்கும், மற்றவை சும்மா இருக்கும்.

ஸ்ட்ரைப் முறையில் ஒரு துண்டு முதல் டிஸ்குக்கு, அடுத்த துண்டு இரண்டாவதற்கு, அதற்கடுத்தது மூன்றாவதற்கு என்று சுற்றிச் சுற்றிப் போகும். வால்யூமை உருவாக்கும் எல்விகிரியேட் கட்டளையில் சின்ன ஐ எழுத்துக்குப் பின் டிஸ்க்குகளின் எண்ணிக்கையையும், பெரிய ஐ எழுத்துக்குப் பின் துண்டின் அளவை கிலோபைட்டிலும் கொடுங்கள். பெரிய ஐயை விட்டுவிட்டால் 64 என்று எடுத்துக்கொள்ளும்.

ஆனால் உங்கள் வேலைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றில் எந்த டிஸ்க் போனாலும் வால்யூம் முழுவதும் போய்விடும். மிஞ்சிய இரண்டிலும் இருப்பவை பைல்களின் துண்டுகள்தான், அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வாடிக்கையாளர்களின் கணக்குகளை அப்படி வைக்கக் கூடாது. இன்னொரு டிஸ்க் வாங்கி, டைப் ரெய்ட்10 (ஸ்ட்ரைப்புடன் ஒவ்வொரு துண்டுக்கும் இன்னொரு டிஸ்கில் பிரதியும் வைக்கும் வகை) என்று கொடுத்து, சின்ன ஐ 2, சின்ன எம் 1 என உருவாக்குங்கள். நான்கு டிஸ்கில் பாதி இடம்தான் கிடைக்கும். ஆனால் ஒரு டிஸ்க் செத்தாலும் மறுநாள் காலையில் அலுவலகம் இயங்கும். அப்போதும் பேக்கப் தனியாக இருக்க வேண்டும்.

இரண்டு 2 டெராபைட் டிஸ்கில் ஸ்ட்ரைப் செய்த வால்யூம் நிறைந்துவிட்டது. யூனிட்டி பிளாசாவில் இன்னொரு 2 டெராபைட் டிஸ்க் வாங்கிக் குரூப்பில் சேர்த்தேன். காலி இடம் காட்டுகிறது, ஆனால் வால்யூமைப் பெருக்க எல்விஎக்ஸ்டென்ட் கட்டளை கொடுத்தால் போதிய எக்ஸ்டென்ட் இல்லை என்கிறது. (புறக்கோட்டை)

இந்த இடத்தில் தடுமாறாதவர்கள் குறைவு. எக்ஸ்டென்ட் என்பது எல்விஎம் டிஸ்கின் இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் சம அளவு அலகு. ஸ்ட்ரைப் எண்ணிக்கை 2 என்று உருவாக்கிவிட்டால், பெருக்கும்போதும் இரண்டு வெவ்வேறு டிஸ்கில் சம அளவு காலி இடம் வேண்டும். உங்களிடம் இருப்பது ஒரே டிஸ்கில். அதனால்தான் மறுக்கிறது.

வழிகள் மூன்று. எளிதானது, இன்னொரு டிஸ்கும் வாங்கிச் சேர்ப்பது. புதிய இரண்டிலுமாக அடுத்த பகுதி ஸ்ட்ரைப் ஆகிவிடும். காசு செலவழிக்க முடியாதென்றால் எல்விஎக்ஸ்டென்டில் சின்ன ஐ 1 என்று கொடுக்கலாம். உடனே பெருகும், ஆனால் புதிய பகுதி ஒற்றை டிஸ்கின் வேகத்தில்தான் ஓடும். பழைய பில்களை அடுக்கி வைக்கும் இடமென்றால் அது போதும்.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. பழைய டிஸ்க் ஒன்றின் பாதியைப் புதியதற்கு நகர்த்துங்கள். அப்போது பழையதில் பாதியும் புதியதில் பாதியும் காலியாக இருக்கும். அதாவது இரண்டு டிஸ்கில் சம இடம், எல்விஎம் கேட்டதும் அதைத்தான்! 4 மெகாபைட் எக்ஸ்டென்ட் என்றால் ஒரு டிஸ்கில் ஏறக்குறைய 4,77,000 எக்ஸ்டென்ட் இருக்கும். தரவை டிஸ்க் விட்டு டிஸ்க் நகர்த்தும் பிவிமூவ் கட்டளையில் பழைய டிஸ்கின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி இட்டு, பாதி எக்ஸ்டென்ட்களின் எண் வரம்பைக் கொடுத்து, அப்புறம் புதிய டிஸ்கின் பெயரைக் கொடுங்கள். முடிந்ததும் எல்விஎக்ஸ்டென்டை சின்ன ஆர் எழுத்துடன் கொடுத்தால் பைல் சிஸ்டமும் சேர்ந்து பெருகும். புதிய பகுதியும் ஸ்ட்ரைப்பாகவே இருக்கும்.

பிவிமூவ் ஓடும்போது வால்யூமை நிறுத்தத் தேவையில்லை, ஆனால் பல மணி நேரம் எடுக்கும். 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாம். யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். இடையில் நின்றுபோனால் பதற வேண்டாம், பிவிமூவ் என்று மட்டும் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். தொடங்குமுன் பேக்கப் எடுத்து, அதிலிருந்து சில பைல்களை மீட்டுப் பார்த்துவிடுங்கள். இனிமேல் உங்கள் தரவு மூன்று டிஸ்கையும் நம்பியிருக்கும்.

ஒரே டிஸ்கில் இரண்டு பார்ட்டிஷன் போட்டு ஸ்ட்ரைப் செய்து பழகலாமா? (கொட்டாஞ்சேனை மாணவி)

பழக மட்டும் என்றால் சரி. வேகத்துக்காக என்றால் வேண்டாம். ஹார்ட் டிஸ்கின் தலை இரண்டு பார்ட்டிஷனுக்கும் இடையில் ஓடி ஓடி முன்பைவிட மெதுவாகும். வெர்ச்சுவல் மெஷினில் சின்னச் சின்னதாக மூன்று டிஸ்க் சேர்த்துப் பழகுங்கள். அதில் ஒன்றைக் கழற்றிவிட்டு என்ன ஆகிறது என்றும் பாருங்கள்.

வீடியோ எடிட்டிங் செய்கிறோம். துண்டின் அளவை எவ்வளவு வைப்பது? பைல் சிஸ்டத்துக்கும் ஏதாவது சொல்ல வேண்டுமா? (தெஹிவளை)

உங்களைப் போன்றவர்களுக்குத்தான் ஸ்ட்ரைப்பிங் உண்மையில் பயன்படும். பெரிய பைல், தொடர்ந்து படிக்கும் வேலை. 64இல் தொடங்கி 256, 512 என்று உங்கள் சொந்தக் காட்சிகளை வைத்தே அளந்து பாருங்கள். அளவு இரண்டின் அடுக்காக (64, 128, 256 என்று இரட்டித்துப் போகும் வரிசையில்) இருக்க வேண்டும், எக்ஸ்டென்டின் அளவைத் தாண்டக் கூடாது. பின்னால் மாற்றுவது தொல்லை, அதனால் தரவை ஏற்றுமுன்பே அளந்துவிடுங்கள்.

பைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் என்றால் உருவாக்கும்போது அமைப்பைத் தானே கேட்டறிந்துகொள்ளும். ஆனால் அதைப் பின்னால் சுருக்க முடியாது, நினைவில் வையுங்கள். இஎக்ஸ்டி4இல் நீங்களே கொடுப்பதானால் கணக்கு இது: துண்டு 64, பிளாக் 4 கிலோபைட் என்றால் ஸ்ட்ரைட் (ஒரு துண்டில் அடங்கும் பிளாக்குகள்) 16. மூன்று டிஸ்க் என்றால் ஸ்ட்ரைப் விட்த் (ஒரு முழுச் சுற்றில் அடங்கும் பிளாக்குகள்) 48.

லீனியராக இருக்கும் வால்யூமை அப்படியே ஸ்ட்ரைப்பாக மாற்ற ஒரு கட்டளை இருக்கிறதா? (பம்பலப்பிட்டி)

ஒரே கட்டளையில் நேரடியாக முடியாது. ரெய்ட் வகைகள் வழியாகப் படிப்படியாகப் போகலாம், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சேர்வரில் அதை நான் விரும்புவதில்லை. காலி டிஸ்க்குகளில் புதிய ஸ்ட்ரைப் வால்யூம் உருவாக்கி, பைல்களைப் பிரதியெடுக்கும் ஆர்சிங்க் மூலம் பகலிலேயே ஒருமுறை பிரதி எடுங்கள். இரவில் சேவைகளை நிறுத்திவிட்டு மறுபடி ஆர்சிங்க் ஓட்டினால் மாறியவை மட்டும் வந்துசேரும். அப்புறம் எஃப்எஸ்டேபில் (எந்த வால்யூம் எங்கே மவுன்ட் ஆக வேண்டும் என்று எழுதியிருக்கும் பைல்) பெயரை மாற்றி மவுன்ட் செய்யுங்கள். எல்விஎஸ் கட்டளையை செக்மென்ட்ஸ் விருப்பத்துடன் கொடுத்து, வகை ஸ்ட்ரைப்ட் என்றும் எண்ணிக்கை நீங்கள் கேட்டபடியும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய வால்யூமை ஒரு வாரமாவது அழிக்காதீர்கள்.