பறவை எண்ணுகிற பிள்ளைக்கு மூணாவது நீட் எதுக்கு?

போன வாரம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு அண்ணாச்சி, மகள் படிப்புக்கு என்னிடம் யோசனை கேட்கக் குடும்பத்தோடு வந்திருந்தார். அப்பள வியாபாரம். கூடவே அவர் மனைவி, மகள், அப்புறம் யாரும் கூப்பிடாமலே காரில் ஏறிவிட்ட பெரியப்பா. பிள்ளை இரண்டு தடவை நீட் எழுதிவிட்டாள். இரண்டாவது தடவை மார்க் கூடியிருக்கிறது, ஆனால் அரசு இடத்துக்கு எட்டவில்லை. படித்தது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் வழியில்லை.

"சார், மூணாவது வருசமும் கோச்சிங்ல போடவா, இல்ல தனியார்ல சீட்டு பாக்கவா? ஊர்ல எல்லாரும் கேக்காக" என்றார் அண்ணாச்சி. "நம்ம குடும்பத்துல ஒரு டாக்டர் வேண்டாமா?" என்று பெரியப்பா. அம்மா ஒன்றும் பேசவில்லை, முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

வழக்கம்போல டீ சொல்லி, "கவலைப்படாதீங்க, எத்தனையோ வழி இருக்கு" என்று பத்து நிமிஷம் ஓட்டினேன். அப்புறம் பிள்ளையிடம், போன தை மாதம் என்ன செய்தாய் என்று சும்மாதான் கேட்டேன். "கூந்தன்குளம் போனேன் சார், தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு." மணிமுத்தாறில் இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்துக்காரர்கள் 2011 முதல் ஜனவரி தோறும் நம் குளங்களில் நடத்துகிற கணக்கெடுப்பு அது. "அது லீவுல போறது சார்" என்று அப்பா குறுக்கே வந்தார். நான் விடவில்லை. கரையில் நின்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருவதை எப்படிச் சொன்னாள் என்று கேட்டேன். அவ்வளவு உயரத்தில் மூச்சு விடுவது எப்படி, அதன் ரத்தம் காற்றை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று கையை ஆட்டி ஆட்டி இருபது நிமிஷம் பேசினாள். பெரியப்பா டீயை ஆறவிட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதோடு சமாதானப் பேச்சை நிறுத்திவிட்டேன். அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், இதே மாதிரி இன்னும் நாலு வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் காசு. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். என்றால் ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் போகிறது. அண்ணாச்சி, உங்கள் வீட்டையும் தாழையூத்துப் பக்கத்து மனையையும் விற்றால்தான் அது நடக்கும், அடுத்த பையனும் பத்தாவதில் இருக்கிறான். இந்தக் கணக்கை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். வெளிநாடு என்றால் செலவு குறையலாம், ஆனால் திரும்பி வந்து ஒரு தகுதித் தேர்வு எழுதித் தேறினால்தான் இங்கே ஊசி போட முடியும். மூன்றாவது வருஷக் கோச்சிங்கா, அதற்கும் ஒரு மறைமுக விலை இருக்கிறது. பொதிகைக்கு அந்தப் பக்கம் கேரளத்து விதுராவில் ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனம் இருக்கிறது, ஐந்து வருஷ அறிவியல் படிப்பு. அதற்கான நுழைவுத் தேர்வை ப்ளஸ் டூ முடித்த சூட்டோடு எழுத வேண்டும், ரொம்ப வருஷம் தள்ளிப்போட முடியாது. நீட் நீட் என்று இரண்டு வருஷம் ஓடியதில் அந்தக் கதவு இந்தப் பிள்ளைக்குக் கிட்டத்தட்ட மூடிவிட்டது. யாரும் இதை அவளிடம் சொல்லவே இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

பல் மருத்துவம், சித்தா, நர்சிங், அக்ரி இதெல்லாம் தெருவுக்குத் தெரு சொல்ல ஆள் இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

நான் சொல்வது உயிரியல் ஆய்வு நிறுவனம். பெங்களூரில் ஜி.கே.வி.கே. விவசாயப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் தேசிய உயிரியல் அறிவியல் மையம் இருக்கிறது, என்.சி.பி.எஸ். என்பார்கள், டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் கிளை. 1962-இல் பம்பாயில் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கிய ஒபைத் சித்திகி என்பவர் பின்னால் பெங்களூரில் உருவாக்கியது. அவர் ஆராய்ந்தது என்ன தெரியுமா, கனிந்த வாழைப்பழத்தில் மொய்க்குமே பொடி ஈ, அது வாசனையை எப்படி அறிகிறது என்று. நம் வீட்டில் தாரை மூடி வைத்து விரட்டுகிற ஈயை வைத்து ஒருத்தர் பல வருஷம் வேலை செய்து பத்ம விபூஷண் வாங்கியிருக்கிறார்.

சரி, ஆய்வு என்றால் வெள்ளைக் கோட்டு, மைக்ராஸ்கோப் என்று உங்களுக்கு ஒரு படம் இருக்கும். அங்கே அதுவும் உண்டு. ஆனால் நான் இந்தப் பிள்ளைக்குக் காட்ட நினைத்தது அதே கூரைக்குக் கீழே நடக்கிற இன்னொரு வேலை. கண்டுபிடித்ததை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை.

ஒரு உதாரணம். ஒடிசாவில் சிமிலிபால் காட்டில் கறுப்புப் புலி திரிகிறது. உண்மையில் அது கறுப்பு இல்லை, கோடுகள் அகலமாகி ஒன்றோடொன்று சேர்ந்து மஞ்சளை மறைத்துவிடுகிறது. ஏன் அப்படி என்று என்.சி.பி.எஸ்ஸில் உமா ராமகிருஷ்ணன் குழு மரபணுவைத் துழாவியது. வண்டலூர் உட்பட மிருகக்காட்சிச் சாலைகளில் பிறந்த கறுப்புப் புலிகளையும் சேர்த்துப் பார்த்து, டாக்பெப் என்ற ஒரே மரபணுவில் ஒரே ஒரு மாற்றம்தான் காரணம் என்று 2021-இல் வெளியிட்டார்கள். சிமிலிபால் புலிகள் மற்ற காட்டுப் புலிகளோடு கலக்க வழியில்லாமல் தனித்துக் கிடக்கின்றன, அதனால்தான் வேறெங்கும் அபூர்வமான இந்த மாற்றம் அங்கே பரவியிருக்கிறது.

ஆய்வுக்காரர் வேலை அந்தக் கட்டுரையோடு ஒரு மாதிரி முடிகிறது. அங்கேதான் நான் சொல்கிற ஆள் வருகிறார். அதே மரபணு மாறினால் நம் தெருப் பூனையின் கோடு கலைந்து திட்டுத் திட்டாகிறது. இந்த ஒரு தகவலைப் பிடித்துக்கொண்டால் போதும், அம்பாசமுத்திரத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் பூனையில் ஆரம்பித்துப் புலியில் முடிக்கலாம். பத்திரிகைக்குக் குறிப்பு எழுதுவது, திறந்த நாளில் வருகிற கூட்டத்துக்கு ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டுவது, பள்ளிகளுக்குப் போவது, கண்காட்சிப் பலகையில் எண்பது சொல்லுக்குள் ஒரு கண்டுபிடிப்பை அடக்குவது (முயன்று பாருங்கள், சண்டாளத்தனமான வேலை), பொதுமக்களையே தரவு சேகரிக்க வைப்பது, எல்லாம் இதில் அடக்கம். என்.சி.பி.எஸ்ஸும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து தொடங்கிய சீசன்வாட்ச் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தை வைத்துக்கொண்டு வாரா வாரம் தளிர், பூ, காய் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். கொன்றை எப்போது பூத்தது என்று நம் ஆச்சிகள் வாய்க்கணக்காகச் சொன்னதைத்தான் அது எழுத்துக் கணக்காக்குகிறது. அந்த வளாகத்திலேயே 2019-இல் திறந்த ஓர் ஆவணக் காப்பகம் உண்டு, விஞ்ஞானிகளின் கடிதம், குறிப்பேடு, வாய்மொழிப் பதிவு எல்லாம் சேர்க்கிறார்கள். இப்படி ஒரு உத்தியோகம் இருப்பதே நம் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது, இத்தனைக்கும் கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையத்தை வைத்துக்கொண்டு.

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதே சார்" என்றாள் பிள்ளை. ஆங்கிலம் வேண்டும், அதை மூன்று வருஷத்தில் பழகிக்கொள்ளத்தான் வேண்டும், அதில் சலுகை கிடையாது. ஆனால் விஞ்ஞானத்தை நல்ல தமிழில் சொல்லத் தெரிந்த, அதே சமயம் ஆய்வுக்கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்ளவும் தெரிந்த ஆள் கையால் எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள்.

இப்போது வழி. பாளையங்கோட்டையிலேயே அரசு உதவி பெறும் பிரிவில் பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்தால் வருஷத்துக்குச் சில ஆயிரம்தான். சுயநிதிப் பிரிவில் இடம் தருகிறோம் என்பார்கள், முதலில் உதவி பெறும் பிரிவில் இடம் கேளுங்கள். இரண்டாம் வருஷத்தில் அறிவியல் கழகங்களின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்குப் போட வேண்டும், கிடைத்தால் இரண்டு மாதம் ஒரு நல்ல ஆய்வகத்தில் உட்காரலாம், கையில் காசும் தருவார்கள். மூன்றாம் வருஷம் டிசம்பர் வாக்கில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் நடத்தும் உயிரியல் நுழைவுத் தேர்வு, அதில் தேறினால் பி.எஸ்சி. முடித்தவுடனே ஒருங்கிணைந்த முனைவர் படிப்பு. காட்டுப் பக்கம் மனம் போனால் என்.சி.பி.எஸ்ஸிலேயே வனவிலங்கு உயிரியல் எம்.எஸ்சி. இருக்கிறது, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான், பதினைந்து பேர் அளவில்தான் எடுப்பார்கள். நீட் கிடைக்காதவர்கள் ஒதுங்குகிற இடம் என்று நினைத்துக்கொண்டு போனால் முதல் தாளிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். முனைவர் படிப்புக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, இரண்டு வருஷம் கழித்து 42,000. நீங்கள் கட்டுவது இல்லை அண்ணாச்சி, அவர்கள் பிள்ளைக்குத் தருவது.

குறையையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு என்னை வையக்கூடாது. மக்களிடம் கொண்டுசேர்க்கிற வேலைகள் எண்ணிக்கையில் கொஞ்சம், பல இடங்களில் ஒப்பந்தம்தான். அறிவியலை மக்களிடம் பரப்பவென்றே இருந்த மத்திய அரசின் விஞ்ஞான் பிரசார் நிறுவனத்தையே 2023-இல் மூடிவிட்டார்கள், தமிழில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதனால்தான் வெறும் எழுத்துத் திறமையை நம்பி இறங்காதே, ஆய்வுப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கு என்கிறேன். பட்டம் இருந்தால் ஆசிரியர் வேலை, ஆய்வு வேலை எதற்கும் திரும்பலாம்.

பெரியப்பா கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "அப்போ பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுக்கலாமா?" போடலாம், ஒன்பது பத்து வருஷம் ஆகும் என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன், சில ஓட்டு எப்படி வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அம்மாதான் வாசலில் நின்று, பெங்களூருக்குப் பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவது என்றார்கள். அது மூன்று வருஷம் கழித்து வருகிற கவலை, நாகர்கோவிலிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு ரயில் கிளம்புகிறது, திருநெல்வேலியில் ஏறினால் விடிந்த பிறகு பெங்களூர் என்றேன். இப்போதைக்குக் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி பாருங்கள். கோச்சிங் சென்டரில் கட்டின முன்பணம் திரும்ப வருமா என்று அண்ணாச்சி நாளைக்குப் போய்க் கேட்கப் போகிறார், வராது என்றுதான் நினைக்கிறேன்.