முழங்காலைச் சேமித்து வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது. எக்ஸ்ரே பார்த்துவிட்டு இரண்டு முழங்காலிலும் எலும்பு தேய்மானம் என்றார்கள். வெள்ளிக்கிழமைகளில் திருகோணமலைக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு நடந்தே ஏறுகிறவள் நான். இப்போது மகள் விடுகிறாள் இல்லை. "நடக்க நடக்கத் தேயும் அம்மா, ஓட்டோவில போங்க" என்கிறாள். நடக்கலாமா, கூடாதா?
- வாசகி, உப்புவெளி

பதில்: நடக்கலாம் அம்மா. மகளில் பிழையில்லை, பிழை அந்தத் 'தேய்மானம்' என்ற சொல்லில்தான். அதைக் கேட்டதும் செருப்பின் அடிதான் ஞாபகத்துக்கு வருகிறது, குறைய நடந்தால் கனகாலம் பாவிக்கலாம் என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். முழங்கால் செருப்பு இல்லை. எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக்குழாயே கிடையாது. கால் ஊன்றும்போது அமுங்கி, எடுக்கும்போது விரிந்து, பஞ்சு தண்ணீர் இழுக்கிற மாதிரி மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் இருந்துதான் அது தன் சாப்பாட்டை எடுக்கிறது. நாள் முழுக்கக் கதிரையில் இருந்தால் அதற்குப் பட்டினி. தொடைத் தசையும் மெலிந்துபோகும், அப்புறம் பாரம் எல்லாம் மூட்டில்தான்.

அதற்காக வருத்தமே இல்லை என்று சொல்லவில்லை. குருத்தெலும்பு மெலிகிறது, ஓரங்களில் எலும்பு முள்ளுப்போல வளர்கிறது, உள்சவ்வு இடைக்கிடை வீங்குகிறது. ஆனால் எக்ஸ்ரே படுமோசமாக இருந்தும் நோவில்லாமல் திரிகிறவர்கள் இருக்கிறார்கள், ரிப்போட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

முழங்காலுக்கு ஏற்றத்தை விட இறக்கம்தான் கஷ்டம். ஆகவே ஏறும்போது ஆறுதலாக, வழியில் மான்களைப் பார்த்துக்கொண்டு நடந்து போங்கள், இறங்கும்போது ஓட்டோ பிடியுங்கள், மகளுக்கும் சமாதானம். வீட்டில் கதிரையில் இருந்தபடி ஒரு காலை நேரே நீட்டி ஐந்து வரை எண்ணி இறக்குங்கள், காலுக்குப் பத்துத் தடவை, தினமும். முதல் இரண்டு கிழமை கொஞ்சம் நோகும். அடுத்த நாள் காலையில் அடங்கிவிட்டால் பரவாயில்லை. உடம்பு பாரம் கூட என்றால் அதையும் குறைக்கப் பாருங்கள். 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் ஏறும் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறையும். அப்புறம், நிலத்தில் இருந்து தேங்காய் திருவுவதை இன்றோடு விடுங்கள்.

கேள்வி: வயது 63, சீனி வருத்தமும் உண்டு. பாமசியில் வாங்கும் நோக்குளிசை போட்டால்தான் தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்து சுஜூது செய்ய முடிகிறது. தினமும் போடலாமா?
- வாசகர், கிண்ணியா

பதில்: வேண்டாம். டிக்ளோபெனாக் வகைக் குளிசைகளை டாக்டரின் துண்டு இல்லாமல் மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், பிரஷர் ஏறும், சீனியால் ஏற்கெனவே களைத்திருக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. அதே மருந்து ஜெல்லாகவும் கிடைக்கிறது. முழங்காலில் பூசினால் உடம்புக்குள் போவது மிகக் குறைவு, பலரில் நன்றாகவே வேலை செய்யும், ஆனாலும் கிளினிக்கில் கேட்டுவிட்டே தொடங்குங்கள். முடியாதவர் கதிரையில் இருந்து தொழ மார்க்கத்தில் இடமிருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. குளிசை போட்டு முழங்காலை மடக்குவதை விட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் மூட்டுவாதம் மாறுமா?
- வாசகர், நிலாவெளி

பதில்: சுகமாக இருக்கும், மாறாது. சூட்டில் தசை இளகும், நோ கொஞ்ச நேரம் குறையும். அதே சுகத்தை வீட்டில் சுடுதண்ணீர்ப் போத்தலும் தரும், ஏழு கிணறு வேண்டாம். போன குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்கும் எண்ணெயோ குளிசையோ இன்றுவரை இல்லை, ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் குளுக்கோசமின் உட்பட.

கேள்வி: அம்மாவுக்கு முழங்காலில் போட்ட ஊசியும் சரிவரவில்லை, ஒப்பரேஷன் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.
- வாசகி, மூதூர்

பதில்: ஸ்டீரொய்ட் ஊசியின் சுகம் சில கிழமைகள்தான். இரவு நித்திரை இல்லை, வீட்டுக்குள் நடக்கவும் ஏலாது என்ற நிலை வந்திருந்தால் மூட்டு மாற்றுவது நல்ல தெரிவு. புது மூட்டுகளில் பெரும்பாலானவை 15, 20 வருடம் உழைக்கின்றன. திகதி வரும்வரை தொடைப் பயிற்சியைச் செய்விக்கவும், ஒப்பரேஷனுக்குப் பிறகு எழும்ப அதுதான் உதவும். மூட்டு திடீரெனச் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அது வேறு வருத்தம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பொல்லு ஊன்றுகிறார் என்றால் நோகும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கச் சொல்லுங்கள், பாதிப் பேர் மாறித்தான் பிடிக்கிறார்கள்.