இறக்கம்தானே என்று நினைத்துவிடாதீர்கள்

கேள்வி: மதுரையில் எங்கள் இளைஞர் மன்றத்தில் 15 முதல் 22 வயது வரை 16 பேர் இருக்கிறோம். ஜனவரியில் இரண்டு நாள் கொடைக்கானல் பக்கம் முதுகுப்பையோடு மலைநடை போக ஆசை. எளிது, மிதமானது, கடினம் என்கிறார்களே, எங்களுக்கு எது சரி? வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்குவது சுலபம் என்கிறார்கள் சிலர்.

பதில்: அந்தச் சிலரை நம்பாதீர்கள். வட்டக்கானலுக்கும் கும்பக்கரைக்கும் இடையே உயர வித்தியாசம் 1,500 மீட்டருக்கு மேல். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர். அதன் உச்சியிலிருந்து ஏறக்குறைய முப்பது முறை இறங்குவதாக நினைத்துப் பாருங்கள், அதுவும் முதுகில் சுமையோடு.

ஏறும்போது மூச்சு வாங்கும், உட்கார்ந்தால் சரியாகிவிடும். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பு எடையையும் பை எடையையும் தொடைத் தசை இழுத்துப் பிடித்தாக வேண்டும். அது களைத்துவிட்டால் முட்டி நடுங்கும், சரளையில் கால் வழுக்கும். உட்கார்ந்து எழுந்தாலும் அந்த நடுக்கம் சுலபத்தில் போகாது. மிதமான வழி என்று நம்பிப் போகிறவர்கள் திணறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எனவே எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, எவ்வளவு ஏற்றம், எவ்வளவு இறக்கம் என்றும் கேளுங்கள்.

நேரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 10 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி நேரம். ஆனால் அது பழகிய கால்களுக்கு. பதினாறு பேர் கூட்டத்துக்கு நான் ஐந்து மணி நேரம் வைப்பேன். மாலை நான்கு மணிக்குள் ஊர் வந்து சேரும்படி திட்டமிடுங்கள்.

அப்புறம், வீட்டருகே ஒரு சோதனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொண்டுபோகப் போகும் அதே பையோடு அழகர்கோயில் அடிவாரத்திலிருந்து நூபுர கங்கை வரை ஏறி இறங்குங்கள். பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். முன்னால் ஓடுகிறவனைப் பார்க்காதீர்கள். கடைசியில் பேசாமல் வருகிற பிள்ளையைப் பாருங்கள், உங்கள் குழுவின் அளவு அந்தப் பிள்ளைதான். மறுநாள் காலை மாடிப்படி இறங்க முடிகிறதா என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். இரண்டு பேர் சிரமப்பட்டாலும் எளிய வழியே போதும். எல்லோரும் தேறினால் மிதமானது. கடினமான வழி முதல் பயணத்துக்கு வேண்டவே வேண்டாம்.

இரவுக்குக் காட்டில் கூடாரம் போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஊரில் தங்கி, பகலில் மட்டும் நடங்கள். வனத்துறை 2024-இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 வழிகள் தரம் பிரித்துத் தரப்பட்டுள்ளன. அதில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜனவரி நல்ல தேர்வு. அதைப் பிப்ரவரி, மார்ச் என்று தள்ளிவிடாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடைக்குப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது, புல் காய்ந்திருந்த அந்தப் பருவத்தில்தான்.

சோதனையில் எல்லோரும் தேறி, வெள்ளகவி வரை போகிறீர்களா? அந்த ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. எல்லையிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகளிடம் புறப்படும்போதே சொல்லிவிடுங்கள்.