22 வயசு, 68 கிலோ, லைட்வெயிட் ஆசை: தோஷியோ புஜிவாராவை வச்சு ஒரு பதில்

கேள்வி: சார், எனக்கு 22 வயசு, உயரம் 170 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. காலேஜ் வரைக்கும் ஷட்டில் ஆடிட்டு இருந்தேன், இப்ப 10 மாசமா கிக்பாக்சிங் போறேன். இன்னும் மூணு வாரத்துல கே-1 ரூல்ஸ்ல (ஜப்பான்ல வந்த கிக்பாக்சிங் விதிமுறை) ஒரு அமெச்சூர் போட்டி இருக்கு. லைட்வெயிட் 62.5 கிலோவுல இறங்கினா எதிராளி சின்ன ஆளா வருவான், கடைசி ரெண்டு நாள் தண்ணியை நிறுத்திட்டு ரெயின்கோட் மாட்டிட்டு ஓடினா அஞ்சு கிலோ போயிடும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. செய்யலாமா? இவ்ளோ லேட்டா ஆரம்பிச்ச நான் எங்கயாவது வர முடியுமா? இன்னொண்ணு, என் பஞ்ச் நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா கிக் அடிக்கிற பசங்ககிட்ட பாயிண்ட்ல தோத்துட்டே இருக்கேன்.

பதில்: தம்பி, தண்ணியை நிறுத்துறது மட்டும் வேண்டவே வேண்டாம், அதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னு கீழ சொல்றேன். உங்க மூணு கேள்விக்கும் ஒரே மனுஷனோட வாழ்க்கையில பதில் இருக்கு, அதனால அவர் கதையோட சேர்த்தே சொல்றேன்.

தோஷியோ புஜிவாரா, ஜப்பான் கிக்பாக்சர். 1948ல ஜப்பானோட வடகிழக்குல இவாத்தே பக்கம் பொறந்தவர். ஸ்கூல்ல படிக்கும்போது அவர் ஆடினது டென்னிஸ், சண்டைக்கலை எதுவும் இல்ல. 1969லதான் முதல் ஃபைட், அப்ப அவருக்கு 21 வயசு. தாய்லாந்துல பசங்க ஏழெட்டு வயசுலயே ரிங்குல ஏறிடுவாங்க, இவர் 21ல ஆரம்பிச்சு ரெண்டே வருஷத்துல, 1971ல, ஆல் ஜப்பான் லைட்வெயிட் சாம்பியன். 1983ல ரிட்டயர் ஆகும்போது கணக்கு 141 ஃபைட், 126 ஜெயம், அதுல 99 நாக்அவுட், 13 தோல்வி, 2 டிரா. அதனால 22 வயசு லேட்டான்னு மனசைக் குழப்பிக்காதீங்க. ஷட்டில் ஆடின காலும் வீண் போகாது, அந்த குட்டி குட்டி ஸ்டெப்பும் சட்டுனு திசை மாத்துறதும் ரிங்குல அப்படியே உதவும்.

இப்ப எடைக்கு வருவோம். லைட்வெயிட்டுங்கிற பேரை மட்டும் பார்த்து யாரும் ஏமாறக்கூடாது, ஏன்னா ஒவ்வொரு அமைப்புக்கும் அது வேற வேற எடை. குத்துச்சண்டையிலயும் புஜிவாரா ஆடின முய் தாய்லயும் (கை, கால், முழங்கை, முழங்கால் எல்லாத்தாலயும் அடிக்கிற தாய்லாந்து சண்டை) 135 பவுண்டு, அதாவது 61.2 கிலோ. கே-1ல 62.5. எம்எம்ஏல, அதாவது எல்லா சண்டைக்கலையும் கலந்த போட்டியில, யுஎஃப்சிங்கிற அமைப்புக்குப் போனா 70.3, ஒன் சாம்பியன்ஷிப்புங்கிற அமைப்புல 77.1. ஒன் சாம்பியன்ஷிப்ல ஏன் இவ்ளோ கூடன்னு கேட்டா அதுக்குப் பின்னாடி ஒரு சாவு இருக்கு தம்பி. 2015 டிசம்பர்ல மணிலாவுல ஒரு போட்டிக்காக எடை குறைச்சுக்கிட்டு இருந்த யாங் ஜியான் பிங்குங்கிற சீன வீரர், வெறும் 21 வயசு, ரிங்குக்கே வராம செத்துப்போனார். அதுக்கப்புறம்தான் அந்த அமைப்பு உடம்புல தண்ணி வத்தியிருக்கான்னு சிறுநீர் டெஸ்ட் எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சது, பழைய எடைப்பிரிவுகளையும் மேல தூக்கி வச்சது. உங்களை விட ஒரு வயசு சின்னவர், தொழில்முறை வீரர், அவருக்கே இந்தக் கதி.

என்கிட்ட கத்துக்கிட்டிருந்த ஒரு தம்பி எனக்குத் தெரியாம இதே வேலையைப் பண்ணிட்டு வந்தான். எடை பாக்குற அன்னிக்குக் காலையில உதடு வெடிச்சு, கண்ணு உள்ள போயி, நல்ல வெயில் நேரத்துல ஸ்வெட்டரைப் போத்திக்கிட்டு நடுங்கிட்டு உக்காந்திருந்தான். எச்சில் துப்பச் சொன்னேன், வரல. எடை சரியா வந்துச்சு, ஆனா சாயங்காலம் முதல் ரவுண்டுலயே காலைத் தூக்க முடியாம நின்னவனைப் பார்த்து நானே டவலைப் போட்டு நிறுத்தினேன். தண்ணி வத்தினா ரத்தம் கெட்டியாகி இதயத்துக்கு பாரம், கிட்னிக்கு பாரம், தசை பிடிச்சுக்கும், அந்த நிலைமையில தலையில அடி வாங்குறது எவ்ளோ ஆபத்துன்னு நான் தனியா சொல்லணுமா.

புஜிவாராவோட கணக்கை இன்னொரு தடவை பாருங்க. 14 வருஷத்துல 141 ஃபைட், வருஷத்துக்கு சராசரியா 10. கிட்டத்தட்ட மாசம் ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் அஞ்சாறு கிலோவைப் பிழிஞ்சு எடுத்துட்டு அப்படி ஆட முடியாது, அந்த எடை அவர் உடம்புக்குப் பக்கத்துல இருந்த எடையாத்தான் இருந்திருக்கணும், இது என் கணிப்பு. அந்தக் காலத்துல பாங்காக் ஸ்டேடியங்கள்ல ஃபைட் அன்னிக்குக் காலையிலயே எடை பார்க்குற வழக்கம் வேற, வத்தவச்சுட்டு திரும்ப தண்ணி ஊத்தி நிரப்ப நேரமே கிடைக்காது.

வாரத்துக்கு அரை கிலோவுல இருந்து ஒரு கிலோ வரைக்கும் சாப்பாட்டுலயே குறைக்கலாம், அது பாதுகாப்பான வேகம். மூணு வாரத்துல 2, மிஞ்சிப்போனா 3 கிலோ. 68ல இருந்து 65. கே-1ல 65ங்கிறதும் ஒரு பிரிவுதான், சூப்பர் லைட்வெயிட்டுன்னு பேரு. உங்க போட்டியில அது இருக்கான்னு கேட்டுப்பாருங்க. ராத்திரி சோறு, பரோட்டாவைக் குறைச்சு முட்டை, மீன், பயறு, காய் கூட்டிக்கங்க, உப்பும் பொரிச்ச ஐட்டமும் கொஞ்சம் கொஞ்சமா கம்மி பண்ணுங்க, தண்ணியை மட்டும் எப்பவும் போல குடிங்க. மூணாவது வாரம் முடியும்போது 66ல நின்னுட்டா அடுத்த பிரிவுல ஆடுங்க, குடி முழுகிப் போகாது.

மூணாவது கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா புஜிவாராவோட குரு இதே இடத்துல நின்னவர். கென்ஜி குரோசாகி, கியோகுஷின்னு சொல்ற, முழு பலத்தோட அடிக்கிற கராத்தே வகையைச் சேர்ந்தவர். 1960கள்ல ஜப்பான்ல இருந்து மூணு கராத்தே வீரர்கள் பாங்காக் லும்பினி ஸ்டேடியத்துக்குப் போயி முய் தாய்க்காரங்களோட மோதினாங்க. ரெண்டு பேர் ஜெயிச்சாங்க, தோத்த ஒரே ஆள் இவர்தான், முழங்கை அடியில. தோத்தவர் மூலையில உக்காந்து அழல. நம்ம கராத்தே மட்டும் போதாதுன்னு முய் தாயோட உதை, முழங்கால் முட்டி அடி எல்லாத்தையும் எடுத்து குத்துச்சண்டையோட கைகளைச் சேர்த்து 1969ல டோக்கியோவுல மெஜிரோ ஜிம்மை ஆரம்பிச்சார். பயிற்சி அவ்ளோ கொடூரமா இருக்கும்னு அந்தக் காலத்து ஆளுங்க இன்னிக்கும் சொல்வாங்க. அங்க வளர்ந்த புஜிவாராதான் 1978 மார்ச் 18ல டோக்கியோ கொராகுவென் ஹால்ல மொன்சவான்ங்கிற தாய்லாந்து வீரரை நாலாவது ரவுண்டுல நாக்அவுட் பண்ணி பாங்காக் ராஜதம்னெர்ன் ஸ்டேடியத்தோட லைட்வெயிட் பெல்ட்டை எடுத்தார். தாய்லாந்துக்காரர் இல்லாத ஒருத்தர் இடுப்புல அந்த மாதிரி ஒரு பெல்ட் ஏறினது அதுதான் முதல் தடவை. குரு தோத்துட்டு வந்த கடனை சிஷ்யன் தீர்த்த மாதிரிதான் எனக்கு அது எப்பவும் தோணும், இதை எழுதும்போதும் உடம்பு சிலிர்க்குது.

ஆனா அதே வருஷம் ஜூன்லயே, மூணு மாசம்கூட முடியல, பாங்காக் ராஜதம்னெர்ன்லயே போயி சிரிமொங்கொல்ங்கிற தாய்லாந்து வீரர்கிட்ட பாயிண்ட்ல அந்த பெல்ட்டை விட்டுட்டார். இதுல நீங்க கவனிக்க வேண்டியது, அவர் ஜெயிச்சதுல முக்கால்வாசிக்கு மேல நாக்அவுட்ல. அந்த ஊர் ஜட்ஜுங்க பஞ்சுக்கு அவ்ளோவா மார்க் போட மாட்டாங்க, உடம்புல விழுற கிக்கும் முட்டியும், அடிச்சதுக்கப்புறம் யார் தடுமாறாம நிக்கிறாங்கங்கிறதும்தான் கணக்கு. கே-1 ரூல்ஸ் உங்களுக்கு சாதகம், அங்க முழங்கை கிடையாது, பிடிச்சுக்கிட்டு நிக்க விடமாட்டாங்க, பஞ்சுக்கும் நல்ல மதிப்பு உண்டு. அப்படியும் தோக்குறீங்கன்னா, பஞ்ச் போட்டதும் நின்னுடறீங்க, எதிராளி கிக்கால முடிச்சு வைக்கிறான், ஜட்ஜ் கண்ணுல கடைசியா படுறது அவன் அடி. நீங்க தோக்குற விதத்தைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது.

அதுக்கு மெஜிரோ வழி ஒண்ணு இருக்கு. கையால எதிராளியோட கவனத்தை மேல இழுத்து காலால முடிக்கிறது. ஜேப் (முன் கையால நேரா போடுற குத்து), வலது கை, அப்புறம் இடது ஹூக் (வளைச்சுப் போடுற குத்து) அவன் தலையோட பக்கவாட்டுல போகுது, ஹூக் முடியும்போது உங்க எடை வலது காலுக்கு வந்திருக்கும், அந்த நொடியே இடது பாதத்தை லேசா வெளிப்பக்கம் திருப்பி எடையை அதுக்கு மாத்தி, இடுப்பைச் சுத்தி, வலது கால்ல முட்டிக்குக் கீழ இருக்குற முன்னெலும்பால அவன் முன்காலோட வெளித்தொடையில, முட்டிக்கு ஒரு ஜாண் மேல, கொஞ்சம் கீழ்நோக்கி வெட்டுற மாதிரி அடிக்கணும். புறங்கால்ல அடிச்சா உங்க கால்தான் வீங்கும். அடிக்கும்போது இடது கை தாடையை விட்டு இறங்கவே கூடாது. ஹூக்குக்கு அவன் கையைத் தூக்குற நேரத்துல காலைத் தூக்கி பிளாக் பண்றது கஷ்டம், அதனாலதான் இது விழும். குரோசாகிகிட்ட கத்துக்கிட்ட நெதர்லாந்துக்காரர் யான் பிளாஸ் 1978ல ஆம்ஸ்டர்டாம்ல இன்னொரு மெஜிரோ ஜிம் ஆரம்பிச்சார், அங்க இருந்து வந்த ராப் காமனை உலகமே லோ கிக்குக்காக, அதாவது இந்த மாதிரி தொடையில விழுற உதைக்காகக் கொண்டாடிச்சு, இன்னிக்கு டச்சு ஸ்டைல்னு எல்லாரும் சொல்றது அந்த வழிதான்.

இன்னிக்கு சாயங்காலம் கோச்சுகிட்ட போயி 65ல பேரைக் குடுக்கச் சொல்லுங்க. பஞ்சிங் பேக்ல தினமும் அஞ்சு ரவுண்டு, இந்த ஒரே காம்பினேஷன், முதல் வாரம் மெதுவாவே போங்க, கால் வந்து நிக்கிற இடம் சரியா வர்ற வரைக்கும் வேகத்தைத் தொடாதீங்க. போட்டிக்கு நாலு நாள் முன்னாடி ஸ்பேரிங்கை (ஆள் வச்சு ஆடுற பயிற்சிச் சண்டை) நிறுத்திடுங்க.